காதில் விழும் மின்னல்

முதலில் மின்னல். கண்ணுக்கு அல்ல, காதுக்கு.

விமான நிலைய ரேடியோ அறையின் ஜன்னலில் பிற்பகல் வெயில் அசையாமல் நிற்கிறது. செண்பகவல்லியின் காதுகளை மூடிய ஹெட்போனுக்குள் மட்டும் எங்கோ வானம் கிழிகிறது. கரகரவென்று, காய்ந்த பனையோலையை மிதித்தாற்போல.

ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், வங்கக் கடலின் நடுவே, ஒரு மேகம். ரேடாருக்கு எட்டாத தூரம். அங்கே பறக்கிறவர்கள் கரையோடு பேச இந்தக் கரகரக்கும் ரேடியோவைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

கரகரப்புக்கு அடியிலிருந்து ஒரு குரல். முன்னூற்றாறாம் விமானத்தின் கேப்டன். எதிரே மேகச் சுவர், பன்னிரண்டு நிமிடத்தில். வலப்பக்கம் நாற்பது மைல் விலகிப் போக அனுமதி வேண்டும்.

அனுமதி கொடுப்பது அவள் வேலையில்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதி, அடுத்த கட்டடத்தில் இருக்கும் கட்டுப்பாட்டு அதிகாரி சகாயராஜுக்குத் தொலைபேசியில் சொல்வாள். அவர் சொன்னதைச் சொன்னபடி வானத்துக்குச் சொல்வாள். ஒரு சொல் கூட்டக்கூடாது. ஒரு சொல் குறைக்கக்கூடாது.

கோவில்பட்டி வீட்டில் ஆறு வயதிலேயே பழகிய வேலைதான். அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு. பசியில்லைன்னு சொல்லு உங்கம்மாகிட்ட. இருவருக்கும் நடுவே நான்கடி தூரம்.

"இருக்கச் சொல்லும்மா," என்றார் சகாயராஜ்.

இருக்கச் சொன்னாள். நிமிடத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர் ஓடுகிற ஒன்றை, இரு என்று.

ஒன்பது நிமிடம். மீண்டும் கேப்டன். கரகரப்பில் பாதி எண் கரைந்துபோனது. திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னார். வலம். நாற்பது. மீண்டும் தொலைபேசி.

"வலப்பக்கம் தொண்ணூறாம் விமானம் போகுதும்மா, அதே உயரத்துல. எப்படி விடுறது?"

"மேல, கீழ?"

"மேலயும் ஆளு, கீழயும் ஆளு. கல்யாணப் பந்தி மாதிரி கெடக்கு. இருக்கச் சொல்லு."

இருக்கச் சொன்னாள். தன் குரல் தனக்கே சலித்தது.

ஆறு நிமிடம். கேப்டனின் குரலில் மரியாதை தேய்ந்திருந்தது. மூன்று நிமிடத்தில் பதில் வராவிட்டால் நானே திரும்பிவிடுவேன் என்றார். வேறு வழியில்லாதபோது கேப்டனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அவர் திரும்புகிற பக்கத்தில்தான் தொண்ணூறு. அதற்குள்ளும் இருநூறு முன்னூறு பேர். யாரோ ஒருவர் இன்னொரு காபி கேட்டுக்கொண்டிருப்பார்.

கரகர. பென்சில் முனை ஒடிந்தது. இன்னொன்றை எடுத்தாள். கரகர.

தொண்ணூறு இருக்கிறது, தொண்ணூறு இருக்கிறது. இவ்வளவு நேரமும் அதே பேச்சு. தொண்ணூறோடு பேசியது யார்?

"சார், தொண்ணூறைக் கேட்டீங்களா?"

கம்பியில் காகிதம் புரளும் ஓசை.

"அவங்க ஒண்ணும் கேக்கலையேம்மா."

"கேக்கலைன்னா வேண்டாம்னு அர்த்தமா சார்?"

ஒரு சொல் அல்ல, ஒரு வாக்கியமே கூட்டிவிட்டாள். கூட்டியாயிற்று.

"சரி. கேளு."

கடல்மேல் போகிறவர்கள் இந்த இரைச்சலைத் தாங்காமல் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். கரையிலிருந்து மணியடித்தால்தான் எடுப்பார்கள். மணிக்கென்று ஒரு பொத்தான். அழுத்தினாள்.

தொண்ணூறு எடுத்தது. பெண் குரல். கொதிப்பை மூடிபோட்டு அடக்கிய குரல். எங்களுக்கு எதிரேயும் அதே மேகம். வலப்பக்கம் ஐம்பது மைல் வேண்டும். இரண்டு முறை கூப்பிட்டோம். உங்கள் அலைவரிசை சும்மா இருந்தால்தானே.

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. மேசையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சகாயராஜ் இந்த முறை இருக்கச் சொல்லவில்லை. தொண்ணூறுக்கு வலப்பக்கம் வெறும் வானம். முதலில் அது போகட்டும். அது விலகிவிட்டேன் என்று சொன்ன பிறகு முன்னூற்றாறு. எழுதினாள். வாசித்தாள். அவர்கள் திருப்பிச் சொல்வதைச் சொல் சொல்லாகக் கேட்டாள். முன்னூற்றாறின் கேப்டன் கொடுத்த கெடுவில் மிச்சமிருந்தது ஒரு நிமிடம்.

பிறகு கரகரப்பு மட்டும். காய்ந்த ஓலை. காய்ந்த ஓலை. காய்ந்த ஓலை.

மேகம் இடப்பக்கமாகப் போகிறது என்றார் முன்னூற்றாறின் கேப்டன். கொஞ்ச நேரம் கழித்து, பெரிசு, என்றார். அதையும் எழுதினாள்.

சாயங்காலம், வண்டி நிறுத்துமிடத்தில், அம்மாவின் போன்.

"ஏ செம்பகம், மாத்திரை போட்டாச்சான்னு உங்கப்பாட்ட போன் போட்டுக் கேளு."

வாரத்துக்கு நாலு தடவை இது. அப்பா அதே கூடத்தில், அம்மாவுக்கு நான்கடி தள்ளி, நாற்காலியில் இருப்பார்.

"பக்கத்துலதானம்மா இருக்காரு. நீயே கேளு."

"நான் கேட்டா எங்க சொல்லுதாரு."

"என்னைக்காவது கேட்டிருக்கியா?"

இணைப்பு அறுபடவில்லை. மின்விசிறியின் இரைச்சல். தொண்டையைச் செருமும் ஓசை. பிறகு, போனை விட்டு விலகிய திசையில், துருப்பிடித்த கதவு திறப்பதுபோல:

"ஏங்க... மாத்திரை..."

கிழக்கே, கடல் இருக்கும் பக்கம், வானம் வெளுத்து அணைந்தது. அதே மேகமாயிருக்காது. அதன் தங்கச்சியாக இருக்கலாம்.

முதலில் மின்னல். இம்முறை கண்ணுக்கு. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அடுத்து வரவேண்டிய சத்தத்துக்காக, செண்பகவல்லி அப்படியே நின்றாள்.