ஆறுமுகத்தாயின் முடிச்சு

மும்பை கிங்ஸ் சர்க்கிளில் பூ விற்கும் ஆறுமுகத்தாய் போட்ட முடிச்சிலிருந்து இதுவரை எதுவும் உதிர்ந்ததில்லை. அவளிடம் மல்லிகை வாங்கிச் சூடிக்கொண்டு திருநெல்வேலிக்கு ரயிலேறியவர்கள் ஒரு மாதம் கழித்து அதே பூவோடு தாதரில் இறங்கினார்கள். புருஷன் சுடலைக்கண்ணனுக்கு டாக்டர் இரண்டு நாள் கெடு சொன்னபோது, அவர் மணிக்கட்டில் வாழைநாரால் ஒரு முடிச்சுப் போட்டாள். அது நடந்து ஆறு வருடமாகிறது. லேபர் கேம்ப் குடியிருப்பில் இருந்த வீட்டில் அவர் பசியும் தூக்கமும் இல்லாமல் வலியோடு மட்டும் கிடந்தார். "ஏட்டி, அவுத்து விட்ருட்டி" என்று தினமும் கேட்பார். "சும்மா கெடங்க" என்பாள்.

மார்ச் மாதம் செம்பூரில் ஜப்பான் கம்பெனி ஒன்றின் ஆட்கள் செர்ரிப் பூத் திருவிழா கொண்டாட ஆசைப்பட்டார்கள். மரம் பூத்ததும் அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிட்டபடி பூவைப் பார்ப்பது அவர்கள் ஊர் வழக்கம். மும்பையில் செர்ரிக்கு எங்கே போவது? காம்பவுண்டில் இலையுதிர்த்து நின்ற பாதாம் மரத்தில் கிளை கிளையாகப் பன்னீர் ரோஜா கட்டச் சொன்னார்கள். ஆறுமுகத்தாய் கட்டிக் கொடுத்தாள். பாய் விரித்து, சோற்றுருண்டையோடு உட்கார்ந்தார்கள். இதழ் உதிர்ந்தால்தான் விழா முடியும். உதிரவில்லை. மூன்றாம் நாள் லேப்டாப்களைப் பாய்க்கே கொண்டுவந்தார்கள். பத்தாம் நாள் மேலாளர் ஹருமி மேடம் டாக்ஸி பிடித்து லேபர் கேம்புக்கே வந்து, பூ எப்போது விழும் என்று பம்பாய் இந்தியில் கேட்டார்.

"கியாரண்டி மேடம், விழாது" என்றாள் இவள் பெருமையாக.

விழுவதைப் பார்க்கத்தானே உட்கார்ந்திருக்கிறோம் என்றார் ஹருமி மேடம். கட்டிலில் கிடந்த சுடலைக்கண்ணன் சிரித்தார். ஆறு வருடத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

பூ உதிர்ந்தால் சண்டைக்கு வருவார்கள். உதிரவில்லை என்று வந்தவர்களை இப்போதுதான் பார்க்கிறாள். கலி முத்திவிட்டது என்று முனகிக்கொண்டே செம்பூருக்குப் போய், ஏணியில் ஏறி ஒவ்வொரு முடிச்சாக நெகிழ்த்தினாள். இதழ்கள் சோற்றின் மேலும் வாட்ச்மேன் தொப்பியின் மேலும் விழுந்தன. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுவே அவளுக்குத் தாங்கவில்லை, ஏணியில் நின்றபடி அழுதாள்.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் அவரைத் துடைத்து, துவைத்த சட்டை போட்டுவிட்டாள்.

"அவுக்கட்டுமா?"

"அவசரமில்லட்டி. நீ டீயக் குடிச்சிட்டு அவுத்தாப் போதும்."

அந்த ஒரு கிளாஸ் டீயைக் குடிக்க அவளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பிறகு அவிழ்த்தாள்.

சர்டிபிகேட் எழுத வந்த டாக்டர் பழைய காகிதங்களைப் புரட்டிவிட்டு, எந்தத் தேதி போடுவது என்று கேட்டார்.

"இன்னைக்குத் தேதியே போடுங்க சார். ஆறு வருசமும் எங்கூடத்தான இருந்தாவ."

டாக்டர் அப்படியே எழுதினார்.