வலது பின்சக்கரத்து இடுக்கு

ஓட்மார் ராப்பின் காரில், வலது பின்சக்கரத்தின் மூன்றாவது ஆரத்துக்குப் பின்னால் இருந்த இடுக்கின் ஆழம் ஆறு மீட்டர். சக்கரத்தின் அகலம் ஒரு சாண். கணக்கு இடிக்கிறதே என்று எங்கள் ஊரான ஹின்டர்வைலரில் ஒருவரும் கேட்கவில்லை. ஆறு மீட்டரோ அறுபது மீட்டரோ, உள்ளே அழுக்கு இருக்கிறதா இல்லையா என்பதுதான் எங்கள் ஊருக்குக் கேள்வி. இருந்தது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வாசலைக் கூட்டி, காரைத் துடைத்து, கைகழுவிக் காபிக்கு உட்கார்ந்துவிடும் ஊரில், ஓட்மார் மட்டும் ஈஸ்டருக்குக் குளிர்காலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டுக் கோடை டயர்ச் சக்கரங்களை மாட்டியதிலிருந்து மண்டியிட்டுக் கிடந்தார். பாவம், மனைவி பொறுமைசாலி என்றார்கள். அதுதான் சுத்தப் பொய். ரோஸ்விதாவுக்குப் பொறுமை என்பதே கிடையாது.

கடையில் விற்கும் பிரஷ் எதுவும் ஓட்மாருக்கு ஆகாது. செய்தவன் என் சக்கரத்தைப் பார்த்தானா என்பார். முதலில் ஒரு பழைய பல் பிரஷ்ஷின் கழுத்தை மெழுகுவர்த்திச் சூட்டில் வளைத்து உள்ளே விட்டார். அடி தட்டவில்லை. அடுத்து மரக்கரண்டி ஒன்றுக்குத் தன் செம்மறித்தோல் செருப்பின் ரோமத்தை வெட்டிச் சுற்றிச் செம்புக் கம்பியால் கட்டினார். அப்புறம் பெயின்ட் உருளையின் பிடி, அதன் நுனியில் சைக்கிள் கம்பி, அதன் நுனியில் பழைய பனியன். கோடை வருவதற்குள் வரவேற்பறைத் திரைச்சீலைக் கழிகள் ஒன்றோடொன்று செருகிக்கொண்டு சக்கரத்துக்குள் போய்விட்டன, திரைச்சீலைகள் தரையில் கிடந்தன.

"பருப்பைக் கிளற ஒரு கரண்டியாவது மிச்சம் வெச்சியா ஓட்மார்?" என்று ரோஸ்விதா ஜன்னலிலிருந்து கத்துவாள்.

"முள்கரண்டி இருக்கே" என்பார் அவர், தலையைத் தூக்காமல்.

அவள் முள்கரண்டியால் கிளறினாள். கிளறிக்கொண்டே ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். ஏழு வருஷமாகவே அவள் குட்டி போட்ட பூனைதான். ஒரு நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, நுனியில் ஒண்டுவாள், எழுந்துவிடுவாள். கோட்டை மாட்டுவாள், கழற்றுவாள். பையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையம் போய், வடக்கே போகும் வண்டி கிளம்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். ஸ்டேஷன் வாசல் ரொட்டிக்கடைக்காரி அவளிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்பதையே விட்டுவிட்டாள். கேட்டால் பெத்தவ வயித்தெரிச்சல் உனக்கென்ன தெரியும் என்று பாய்வாளோ என்று பயம்.

மகள் அல்மூட் வடக்கே போனவள். போனது இதே சக்கரத்தால். லைசென்ஸ் வாங்கிய மாதம் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ரொட்டிக்கடை முன்னால் நிறுத்தும்போது வலது பின்சக்கரத்தை நடைபாதைக் கல்லில் உரசிவிட்டாள். வேறு ஊரென்றால் அப்பன் காட்டுக்கத்தல் கத்தியிருப்பான், ராத்திரிக்குள் ஆறியிருக்கும். எங்கள் ஊரில் திட்டாமல் இருந்தாலே அது பாராட்டு என்று ஒரு வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் அதில் ஒரு கோளாறு உண்டு: ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் மெச்சுகிறாரா வெந்துகொண்டிருக்கிறாரா என்று பெற்ற பிள்ளைக்கே தெரியாது. ஓட்மார் கீறலை விரலால் தடவிப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. வாரக்கணக்கில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார், பட்டி மாவு பூசினார், சாயம் அடித்தார், வாயைத் திறக்கவில்லை. "திட்டவாவது செய்யேன்ப்பா!" என்று அவள் ஒரு ராத்திரி சாப்பாட்டில் அழுதபோது, ரொட்டியைக் கிழித்துக்கொண்டே ஒரே வாக்கியம் சொன்னார்: "நீ தொட்டதெல்லாம் இப்படித்தான்."

அல்மூட் நார்வேயின் வடகோடியில் ஒரு படகுத்துறையில் வேலை தேடிக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்குப் போனில் கூப்பிடுவாள், அப்பா எடுத்தால் வைத்துவிடுவாள். நான் வரேண்டி என்று ரோஸ்விதா கெஞ்சும்போதெல்லாம் ஒரே பதில்தான். "நீ நடுவுல வராதம்மா. சொன்னவரு கூப்பிடட்டும், நான் வரேன்." சொன்னவரா, கல்லுளிமங்கன். இந்த மனுஷன் வாயிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்பதைத் தவிர ரோஸ்விதாவுக்கு வேறு கவலையே கிடையாது.

இடுக்கிலிருந்து முதலில் வந்தது பிரேக் தூசி, கறுப்பாக, எல்லார் சக்கரத்திலும் வருவது போல. ஜூனில் சாம்பல் நிறப் பஞ்சு வந்தது, கட்டிலடியில் சேர்வது மாதிரி. ஜூலையில் மீன் வாடை. ஆகஸ்டில், ஊரே நிழல் தேடி ஓடிய ஒரு சனிக்கிழமை, கழியின் நுனியில் பனி ஒட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வீட்டு ஏவால்ட் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம், ஆனாலும் இருவருக்குள் இன்னும் 'நீங்க'தான்.

"என்ன ராப், உங்க சக்கரத்துல பனி பேயுது போல."

"ஆமா. ஈரம் நின்னா அலுமினியத்துக்கு ஆகாது."

"ஆகாது, ஆகாது" என்று ஏவால்ட் தன் தக்காளிச் செடிக்குத் திரும்பினார்.

செப்டம்பரில் ஓட்மார் மரக்கரண்டியைக் கழிகளின் நுனியில் கட்டி ஆழத்துக்கு விட்டபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ அதைப் பிடித்து இழுத்தார்கள். அவரும் விடாக்கண்டன், இழுத்தார். கம்பி அவிழ்ந்து கரண்டி போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை அவர் குனிவதற்குள் இடுக்கிலிருந்து ஒரு பின்னல் ஊசி வெளியே நீண்டது. அதன் நுனியில் ஒரு சிவப்புக் காலுறை சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. அது சக்கரத்தின் விளிம்பை நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

ரோஸ்விதா வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். குதிகாலில் இரட்டை நூல் கொடுத்து அவளே பின்னிய காலுறை, தெரியாதா? சாக்கடைக் குழாய்க்குள் விழுந்தவரைக் கூப்பிடுவது மாதிரி சக்கரத்துக்குள் வாயை வைத்து "அல்மூட்! அல்மூட்டு!" என்று தெருவே கேட்கக் கூவினாள். ஊசி ஒருமுறை வெளியே வந்து ஆடியது. அவ்வளவுதான். அவள் கணவனைப் பிடித்து உலுக்கினாள்.

"பேசு! உன் பொண்ணு அங்க இருக்கா, பேசித்தொலையேன்!"

ஓட்மார் எழுந்து பட்டறைக்குப் போய், இன்னொரு கருவி செய்ய ஆரம்பித்தார். அவருக்குப் பேச்சு வராத இடத்திலெல்லாம் கருவிதான் வரும். சாக்கடை அடைப்பெடுக்கும் சுருள்கம்பி, அதில் ஒரு பழைய துண்டு. ரோஸ்விதா பட்டறைக் கதவைக் காலால் உதைத்தாள். அந்த மாதம் முழுக்க அவர் செய்வதும் அவள் உதைப்பதுமாகப் போனது.

அக்டோபர் வந்தது. எங்கள் ஊரில் அக்டோபரில் குளிர்கால டயர் மாட்டாதவனை மனிதக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். ஏவால்ட் மாட்டிவிட்டார், பாதிரியார் மாட்டிவிட்டார். ஓட்மார் ஜாக்கியை எடுத்துவந்தபோது ரோஸ்விதா வலது பின்சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முழுசாக உட்கார்ந்ததை ஊர் அன்றுதான் பார்த்தது.

"மாட்டறப்போ இந்த இடுக்கு இல்ல. கழட்டினா இருக்கும்னு எழுதித் தருவியா?"

"பனி வந்தா இந்த டயரோட ஓட்டக்கூடாது, ரோஸ்விதா."

"ஓட்டாத! எங்க ஓட்டிக் கிழிச்ச இத்தன வருஷமா?"

அவர் ஜாக்கியைக் கீழே வைத்தார். கார் நின்ற இடத்திலேயே நின்றது. நவம்பர் வந்தும் ராப் வீட்டில் கோடை டயர் என்று தபால்காரி வரைக்கும் பேசினாள், ஊர் வாயை மூட முடியுமா? ஓட்மார் தூக்கத்தில்கூட எழுந்து ஜன்னல் வழியாகச் சக்கரத்தைப் பார்த்தார். கழற்றினால் மகள் போய்விடுவாளோ என்ற பயம் அவருக்கும் இருந்தது. அதை மனைவியிடம் சொன்னாரா? அதையும் சொல்லவில்லை.

முதல் பனி ஒரு சனிக்கிழமை காலையில் விழுந்தது. ஓட்மார் சுருள்கம்பியை உள்ளே விட்டார், அது ஒரு இடத்தில் முட்டி நின்றது. எடுத்துப் பார்த்தார், துண்டு காய்ந்தே இருந்தது, அழுக்கைத் தொடவே இல்லை. அந்த ஆறு மீட்டரின் கோடியில் ஒரு திட்டு அழுக்கு, அவர் செய்த எதற்கும் எட்டாத திட்டு. அவர் கருவிகளைப் பார்த்தார். வாசலில் கோட்டை மாட்டிக்கொண்டும் கழற்றிக்கொண்டும் நின்ற மனைவியைப் பார்த்தார். பிறகு பனியில் குப்புறப் படுத்து, ஆரங்களுக்கு நடுவே வாயை வைத்தார்.

"அல்மூட். இங்கேர்ந்து எனக்கு எட்டல. நீ உன் பக்கத்துலேர்ந்து தொடேன்." வாயை இன்னும் உள்ளே அழுத்தி மறுபடியும் சொன்னார்: "நீ தொட்டாத்தான் சரியாவும்மா."

ரோஸ்விதா கோட்டைப் பாதி மாட்டியபடி வாசற்படியில் இறங்கினாள். ஏவால்ட் கையில் பனிவாரியோடு வேலியருகே அசையாமல் நின்றார். பிறகு உள்ளே, ரொம்ப தூரத்தில், கரகரவென்று தேய்க்கும் சத்தம் கேட்டது. மனசிலிருந்த கோபத்தையெல்லாம் கைக்குக் கொடுத்துத் தேய்க்கிற சத்தம். ஆரத்துக்கு அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் வழிந்து பனியில் ஓடி, வாசலைத் தாண்டித் தெருவோரம் வரை போனது. மத்தியானம் வரை ஓடியது. அப்புறம் தண்ணீர் தெளிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அல்மூட் ரயிலில் வந்தாள், எல்லாரையும் போல டிக்கெட் எடுத்துக்கொண்டு. கையில் அந்த மரக்கரண்டி. வீட்டுக்குள் போகவில்லை, வாசலில் ஓடிவந்து கட்டிக்கொண்ட அம்மாவை ஒரு கையால் அணைத்தபடியே சக்கரத்திடம் போய்க் குந்தினாள். நார்வேயில் அவளுடைய அறையில் ஹீட்டருக்குப் பின்னால் கை போகாத ஒரு இடுக்கு இருந்ததாம், ஊசியில் காலுறையைக் கட்டித் துடைத்துக்கொண்டிருந்தபோது சுவரிலிருந்து கரண்டி வந்ததாம். கைக்கு எட்டாத இடமெல்லாம் உள்ளுக்குள்ளே ஒன்றோடொன்று ஒட்டித்தானே இருக்கும் என்றார் ஏவால்ட். சரிதான் என்றார்கள்.

"கம்பிய இப்படியா சுத்தறது? மொதோ இழுப்புலயே அவுந்துடுச்சு" என்று அல்மூட் கரண்டியை நீட்டினாள்.

"செம்புக் கம்பி. இளக்கமானது" என்றார் ஓட்மார், கரண்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு.

குளிர்கால டயர்களை அல்மூட்தான் மாட்டினாள். ஜாக்கி ஏற ஏற ரோஸ்விதா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். சக்கரம் கழன்று வந்தது, இடுக்கு அதிலேயே இருந்தது. அதை நிலவறையில் ஆப்பிள் கூடைக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தார்கள். புத்தாண்டு கழிந்து மகள் வேலைக்குத் திரும்பினாள். சனிக்கிழமை தோறும் ரோஸ்விதா சக்கரத்தெதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு, முதுகு சாயும்வரை நன்றாக உட்கார்ந்து, பலகாரத்தைக் கழி நுனியில் கட்டிய கரண்டியில் வைத்து உள்ளே நீட்டுவாள். திரும்பி வரும் கரண்டியில் சில நாள் கருவாடு இருக்கும்.

இதிலெல்லாம் ஊருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் ஊருக்கு வந்த அன்றைக்கு அல்மூட் சக்கரத்துக்குள் விரலை விட்டு எடுத்துச் சுத்தமாக இருந்த விரலை நீட்டியபோது, ஓட்மார் ராப் "நல்லா பண்ணிருக்கம்மா" என்று வாய்விட்டுச் சொன்னதாக ஏவால்ட் சத்தியம் செய்கிறார் பாருங்கள், அதைத்தான் இன்றுவரை ஒருவரும் நம்புவதில்லை.