‘இல்லை’ கட்டத்தில் ஒரு டிக்

படிவத்தில் பதினான்காவது கேள்வி அது. "கடைசிப் பொருத்தப் பரிசோதனைக்குப் பிறகு உங்களுக்கு ரத்தம் ஏற்றப்பட்டதா?" ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். நான் ‘இல்லை’யில் டிக் போட்டேன். எனக்குப் பொய் சொல்லவே வராது என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தவன் நான்.

அன்று புதன்கிழமை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அறுவைச் சிகிச்சை. மூன்று வருடமாக வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினோடு குடித்தனம் நடத்தியாயிற்று. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு மடக்குக் கூடக் கிடையாது. விடிந்தால் விடுதலை. சிறுநீரகம் தருகிறவர் என் மாமியார்.

சிரிக்காதீர்கள். மனைவிக்குச் சர்க்கரை இருப்பதால் அவளிடமிருந்து எடுக்க முடியாது என்று டாக்டர் சொன்ன அன்றே அத்தை கேட்டார், "என்னுது ஆகுமா?" முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "பொண்ணையே குடுத்துட்டேன், இதுல என்ன கஞ்சத்தனம்? எடுத்துக்குங்க மாப்பிள்ளை" என்றார்.

பிடிக்காதவன் ஒருவன்தான். வெளிநாட்டில் இருக்கும் மச்சினன். அம்மாவுக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று போனிலேயே அழுதான். சனிக்கிழமை வந்து இறங்குகிறான், அம்மாவைக் கையோடு கூட்டிப்போக. "அவன் வர்றதுக்குள்ள முடிச்சுடணும். நேர்ல வந்து அழுதான்னா நான் கரைஞ்சிடுவேன்" என்று அத்தையே சொல்லியிருந்தார். ஏற்கெனவே தேதி இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. ஒரு தடவை என் இருமல், ஒரு தடவை அவருடைய ரத்த அழுத்தம். மூன்றாவது தடவை என்று ஒன்று இருக்கவே கூடாது.

இந்த நேரம் பார்த்துத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனேன். லிஃப்ட் மெக்கானிக். விடுப்பில் இருக்கிறவன், போனை எடுத்திருக்கவே கூடாது. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே நான்கு பேர், அதில் ஒருத்தி கர்ப்பிணி. மேலே மோட்டார் அறையில் பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். டயாலிசிஸ் ஊசி குத்துகிற இடது கையில் பளு கொடுக்கக் கூடாது என்று எனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார்கள். நான்கு பேரும் பத்திரமாக இறங்கினார்கள். முந்தின நாள் ஊசி குத்திய இடம் பிய்த்துக்கொண்டது. ரத்தம் எதிர்ச் சுவரில் பீய்ச்சி அடித்தது.

வாட்ச்மேன் தன் சட்டையைக் கழற்றிக் கட்டி, பக்கத்துத் தெருவில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தையல் போட்டார்கள். வலது கை வழியாக இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். ஏற்றாவிட்டால் நான் பிழைத்திருக்க மாட்டேன், அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் கேட்டதற்கு வேலை இழுத்துவிட்டது என்றேன். திங்கட்கிழமை தையலைப் பார்த்த டயாலிசிஸ் டெக்னீஷியனிடம் கொஞ்சம் கசிந்தது என்றேன். அவர் இன்னும் மேலே தள்ளி ஊசி குத்தினார்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மாற்று அறுவைச் சிகிச்சைக்கான ஏற்பாடுகளைப் பார்க்கும் சிஸ்டர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "வேற ஆள் ரத்தம் ஏறினா உங்க உடம்பு அதோட சண்டை போடக் கத்துக்கும். பழைய டெஸ்ட் செல்லாது. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுக்கணும். சொல்லாம விட்டீங்கன்னா, வெச்ச கிட்னி டேபிள்லயே கறுத்துப் போகலாம்."

இரண்டு வாரம். மச்சினனோ மூன்று நாளில் வருகிறான். முன்பு ஒரு தடவை ரத்தம் ஏற்றியும் ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். நேற்றுப் பார்த்த லிஃப்டை இன்றும் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவனை வேலையை விட்டே துரத்தியவன் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

புதன் மத்தியானம் கடைசி டயாலிசிஸ். "இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது" என்று நர்சுகள் கேலி செய்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. அத்தை ஆஸ்பத்திரி அங்கியில், தலையை இறுக்கப் பின்னிக்கொண்டு, என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"வலது கையில என்ன நீலமா?"

"டெஸ்டுக்கு ரத்தம் எடுத்தாங்க அத்தை."

"எனக்கும்தான் பத்து தடவை எடுத்தாங்க. முழங்கை மடிப்புலதான் எடுத்தாங்க. உங்களுக்கு மட்டும் புறங்கையிலயா?"

நான் மெஷினைப் பார்த்தேன். ரத்தம் குழாயில் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"டிக்கெட் எடுக்காதவன் ஜன்னல் பக்கமே பாத்துட்டு வருவான். நீங்க வந்ததுலேருந்து மெஷினையே பாக்கறீங்க. என்ன மாப்பிள்ளை?"

சொல்லிவிட்டேன். லிஃப்ட், சுவர், வாட்ச்மேன், இரண்டு யூனிட், பதினான்காவது கேள்வி எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் கொட்டினேன்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"சொல்லாம விட்டா?"

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம்."

"ஆனா?"

"உங்க கிட்னி வீணாப் போயிடும்."

"டேய்!" என்றார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் ஒருநாள்கூட ‘ங்க’ போடாமல் என்னிடம் பேசாதவர். "என் வயித்தைக் கிழிச்சு எடுத்ததைக் குப்பையில போட வெச்சிருப்பியேடா!"

அறையில் இருந்த ஆறு நோயாளிகளும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ரத்த அழுத்தம் ஏறி மானிட்டர் கத்தத் தொடங்கியது.

"சனிக்கிழமை அவன் வந்துட்டா நீங்க போயிடுவீங்க அத்தை. எனக்கு வேற யாரும் இல்ல." மானம் போனால் போகட்டும் என்று கெஞ்சினேன். "நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க."

போக மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. "நான் சிஸ்டர்கிட்ட சொல்லமாட்டேன். டிக் போட்டவன் நீ. நீயே சொல்லு" என்று எழுந்து போய்விட்டார்.

மானிட்டர் சத்தம் கேட்டு நர்ஸ் வந்தார். தலைவலியா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு நாளைக் காலையில் டேபிளில் படுத்துவிடலாம். அத்தை காட்டிக்கொடுக்க மாட்டார், சொன்ன சொல்லை மீறுகிறவர் இல்லை. என்னைவிட இருபது வயது மூத்த ஒரு பெண், மாப்பிள்ளை மாப்பிள்ளையென்று ஓடி வந்து வயிற்றைக் காட்டுகிறாள், அவளைத்தான் நான் ஏமாற்றப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"தலைவலி இல்ல சிஸ்டர். ஆபரேஷன் ஏற்பாடு பாக்கற பெரிய சிஸ்டரை வரச் சொல்லுங்க. படிவத்துல ஒண்ணு தப்பா போட்டுட்டேன்."

அரை மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சை ரத்தானது. மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பதில் நான்கு அறை விட்டிருக்கலாம்.

சனிக்கிழமை மச்சினன் வந்தான். சொன்னபடியே அழுதான். இரண்டு வாரமும் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே படுத்து, சாப்பிடும்போதெல்லாம் அம்மாவின் காதைக் கடித்தான். அத்தை ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்னோடு ஒரு வார்த்தை இல்லை. அவருடைய பெட்டி கட்டி வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது. மறுபரிசோதனைக்கு மட்டும் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

முடிவு வந்த அன்று நான்கு பேரும் சிஸ்டர் அறையில் உட்கார்ந்திருந்தோம். அவர் காகிதத்தைத் திருப்பி வைத்தார்.

"பொருந்தலை. ஏத்தின ரத்தத்தால அவர் உடம்பு இவங்க கிட்னிய எதிர்க்குது. அன்னிக்கு வெச்சிருந்தா ஒரு மணி நேரம் தாங்கியிருக்காது."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சினன் எழுந்து என் தோளைத் தொட்டான். கெட்டவன் இல்லை, பாவம். "மன்னிச்சுக்குங்க மாமா" என்றான். பிறகு, "அம்மா, வா. இனிமே இங்க உனக்கு என்ன வேலை? நாளைக்கு ஃப்ளைட்" என்றான்.

அத்தை எழுந்திருக்கவில்லை. "எங்களை மாதிரிப் பொருந்தாம நிக்கிற வேற வீடு இருக்குமா சிஸ்டர்?"

"நிறைய இருக்கு. அதுக்குன்னே ஒரு லிஸ்ட் இருக்கு. உங்களுது அந்த வீட்டு நோயாளிக்கு, அவங்க வீட்டு ஆளோடது உங்க மாப்பிள்ளைக்கு. ஆனா மாசக்கணக்குல காத்திருக்கணும். கிடைக்கும்னு உறுதி சொல்ல முடியாது."

"அம்மா!" என்றான் மச்சினன்.

"நீ உக்காரு. இவன் வாயை மூடிட்டு இருந்திருந்தா இன்னிக்கு எனக்கு ஒண்ணுதான் இருந்திருக்கும், இவனுக்கு ஒண்ணுமே இருந்திருக்காது. வாயைத் திறந்தான், என்னோட ரெண்டும் பத்திரமா இருக்கு. அதுல ஒண்ணை இவனுக்குன்னு எப்பவோ குடுத்தாச்சு. குடுத்ததைத் திருப்பி எடுத்துட்டு உன்கூட ஏரோப்ளேன்ல ஏறச் சொல்றியா? எங்க பேரை எழுதிக்குங்க சிஸ்டர்."

நான் அழுதேன். மச்சினன் முன்னால், சிஸ்டர் முன்னால், வெட்கமில்லாமல் குழந்தை மாதிரி அழுதேன். அத்தை பதினேழு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"டேய், டயாலிசிஸ் எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு அத்தை."

"மணி ஒண்ணே முக்கால் ஆகுது. எழுந்திரு."