ஓரக்கா தூங்கிய மெத்தை

அந்தப் பட்டறையில் தைத்த மெத்தையில் படுத்தவர்களுக்கு முதுகு வலித்தது. அவர்களுடைய முதுகு அல்ல, தைத்தவளின் முதுகு. ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுச் செருப்பு கடிப்பதைப் போல இதுவும் பழகினால் சரியாகிவிடும் என்றார்கள். பஞ்சு அடிப்பவர் ஒருவர், தைக்கும் பெண்கள் சிலர், கல்லாவில் முதலாளியின் மனைவி, இவர்களுக்குக் குறுக்கும் நெடுக்குமாகச் செருப்பு சத்தமிட நடக்கும் முதலாளி, இவ்வளவுதான் பட்டறை. விற்கிற மெத்தையில் வேலைக்காரர்கள் உட்காரக் கூடாது என்பது அவருடைய அப்பா காலத்துச் சட்டம். மத்தியானம் சாப்பிட்டதும் பெண்கள் கோணியை விரித்துக் கால் நீட்டுவார்கள். செருப்புச் சத்தம் கேட்டதும் மடக்கிக்கொள்வார்கள். முதலாளி கெட்டவர் அல்ல. யாரையும் திட்டியதில்லை. யாரையும் நின்று பார்த்ததும் இல்லை.

வம்பு ஒரு கல்யாணத்தில் வந்தது. மருந்துக்கடைக்காரர் மகளுக்கு வாங்கிக் கொடுத்த மெத்தையில் படுத்த மாப்பிள்ளை, விடியும்போது விருட்டென்று எழுந்து உட்கார்ந்து, “பாப்பாவுக்கு ஜுரம் எறங்கிடுச்சா?” என்று பதறினான். கல்யாண அலுப்பில் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்த பெண், எந்தப் பாப்பா என்று கேட்டாள். அவன் மெத்தையைத் தடவித் தேடினான். அவள் பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். மருந்துக்கடைக்காரர் மெத்தையைச் சுருட்டிக் கொண்டுவந்து பட்டறை வாசலில் போட்டார்.

“மெத்தை கேட்டா, மாப்பிள்ளைக்கு ஒரு புள்ளையையும் சேத்துக் குடுத்திருக்கீங்களேய்யா!”

முதலாளி மெத்தையின் ஓரத்தைப் பார்த்தார். அவ்வளவு நெருக்கமான தையல் ஓரக்காவுடையது மட்டும்தான். ஓரம் தைத்துத் தைத்தே அவளுக்கு அந்தப் பெயர் வந்திருந்தது. அவள் வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான்.

“கடைப் பேரே கெட்டுப்போச்சு. சனிக்கிழமையோட அவளை நிறுத்திடறேன்” என்றார் மனைவியிடம். ஓரக்காவுக்குக் கேட்டது. ஊசி நிற்கவில்லை, ஒரே ஓட்டையில் இரண்டு முறை இறங்கியது, அவ்வளவுதான்.

“தாராளமா நிறுத்துங்க” என்றாள் மனைவி, கல்லாவிலிருந்து தலை தூக்காமல். “அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை படுத்துப் பாருங்க. மாமா போட்ட சட்டம் முதலாளிக்குக் கெடையாதே.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். முதலில் முதுகு வந்தது. குட்டை முக்காலியில் நாளெல்லாம் வளைந்த முதுகு. பிறகு மரத்துப்போன விரல். பிறகு வீட்டில் ஜுரத்தோடு கிடக்கும் ஒரு குழந்தையின் நெற்றிச் சூடு. சீக்கிரம் போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்ட குரல். “ஓரத்தை முடிச்சிட்டுப் போம்மா” என்று திரும்பிப் பார்க்காமல் சொன்ன இன்னொரு குரல். அது தன்னுடையது என்று அவருக்குப் புரிவதற்குள் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. நீட்டியிருந்த கால் தானாக மடங்கியது. அலறிக்கொண்டு எழுந்தார். அவருடைய செருப்பு, கழற்றிய இடத்திலேயே கிடந்தது.

நேராக ஓரக்காவிடம் போனார். “பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?”

“அது போன மாசம் முதலாளி. இப்ப நல்லா ஓடியாடித் திரியுது.”

அவர் நின்று அவளைப் பார்த்தார். பிறகு மெத்தையைக் காட்டி, “படும்மா” என்றார்.

“ஐயய்யோ, அழுக்காயிடும்.”

“ஆவட்டும். படு.”

படுத்தவள் சாயங்காலம் வரை தூங்கினாள். பஞ்சு அடிப்பவர், அவளுடைய குறட்டைக்கு மேல் சத்தம் வரக் கூடாதென்று, பஞ்சடிக்கும் வில்லைச் சுவரில் மாட்டிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். அந்த மெத்தை மாப்பிள்ளை வீட்டுக்கே திரும்பிப் போனது. பெண்ணும் சமாதானமாகிப் போனாள். மறுநாள் மத்தியானமாகியும் கதவு திறக்காததால் மருந்துக்கடைக்காரர் போய்த் தட்டினார். “அப்பா, தூங்க விடுப்பா!” என்று மகளின் குரல் வந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு மெத்தையிலும் தைத்தவளே முதலில் தூங்கினாள். முக்காலிகள் உயர்ந்தன. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது முதலாளிக்கு மெத்தையில் படுக்காமலே தெரிந்தது. வாங்க வருகிறவர்கள் உறையின் நிறத்தைக் கேட்பதை விட்டு, “ஓரக்கா தூங்கினது இருக்கா?” என்று கேட்டார்கள். ஓரக்காவின் மகள் வளர்ந்து, படித்து, வேறு ஊருக்கு அம்மாவைக் கூட்டிப்போனாள். கிளம்புவதற்கு முன் ஓரக்கா தைத்துத் தூங்கிய கடைசி மெத்தையை முதலாளி விற்கவில்லை.

வயதாகி, தூக்கம் வராமல் போன ஒரு நாள், அவர் அதில் படுத்தார். முதுகு வலிக்கவில்லை. தூரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. மெல்ல நெருங்கி வந்தது. நீட்டிய கால் மடங்கவில்லை. அவர் புரண்டு படுத்துத் தூங்கிப்போனார்.