தகடுகளுக்கு வெளியே

இயற்பியல் பாடத்தில் வாழ்க்கைத் தத்துவம் தேடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். எலக்ட்ரான் எலக்ட்ரான்தான். அதற்கு மனசும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. கோவில்பட்டியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பல வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பாண்டியராஜன் போன கார்த்திகையில் கடம்பூர் விலக்கு ரோட்டில் லாரி மோதி இறந்துபோனார். பைக்கின் பின்னால் எங்கள் மகள் வள்ளிமயில் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது. அவளுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. சாமிதான் காப்பாற்றியது என்றார்கள்.

அப்போது கடம்பூரில் மாமியார் வீட்டில் இருந்தோம். துட்டி கேட்டு வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, அடுத்து அவளைத்தான் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். "அப்பா கடைசியா என்ன சொன்னாவ தாயி?" என்று கேட்பார்கள். அவளும் சொல்வாள். நாள் தவறாமல் யாராவது வந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, முறை என்று ஒன்று இருக்கிறதே. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஊர்க்கதை அளக்கிற வாயாடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையே விட்டுவிட்டாள்.

தை பிறந்ததும் யார் சொல்லையும் கேட்காமல் அவளைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்து வாடகைக்கு வீடு பிடித்தேன். அந்த வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்துவிட்டால் பிள்ளை சரியாகிவிடுவாள் என்று நம்பினேன். "கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிருவா" என்று போனில் கேட்கிற எல்லோரிடமும் சொன்னேன். ஆடி வந்துவிட்டது. அவள் கேட்டதற்குத் தலையாட்டுவாள், அவ்வளவுதான்.

அன்றைக்குப் பாடம், சீரான மின்புலத்தில் மின்துகளின் இயக்கம். இரண்டு இணைத்தகடுகளை வரைந்து, மேல் தகட்டில் நேர் மின்குறி போட்டு, எலக்ட்ரான் போகும் பாதையை வரையச் சொல்லி முத்துமணியைக் கூப்பிட்டேன். தகடுகளுக்கு நடுவே மேல்நோக்கி வளைகிற பாதையை அழகாகத்தான் வரைந்தாள். வெளியே வந்ததும் சாக்பீஸைக் கீழே வளைத்து, முதலில் வந்த கோட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

"ஏட்டி, இது என்ன கோலம்?"

"வெளிய வந்துட்டுல்லா டீச்சர். அங்கன யாரும் இழுக்கலையே. பழைய வழிக்கே போயிரும்லா."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இழுக்க ஆளில்லைன்னா திருப்பிக் கொண்டாந்து விடவும் ஆளில்லட்டி. வெளிய வரும்போது எந்தப் பக்கம் பாத்து வந்துச்சோ அந்தப் பக்கமே நேரா போவும். பழைய கோட்டுக்கு வரவே வராது."

சொல்லி முடித்ததும் என் வார்த்தையே என் காதில் விழுந்தது. எலக்ட்ரான் எலக்ட்ரான்தான் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அவள் வரைந்த கோட்டை அழித்துவிட்டு, அளவுகோலை வைத்துச் சாய்வாக ஒரு நேர்கோடு போட்டேன். பிறகு கணக்கை எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வள்ளி வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல என்ன கூத்து?" என்று தினமும் கேட்பேன். ஒருநாளாவது பதில் கொட்டாதா என்றுதான். அன்றைக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரரின் அக்கா, மதினி, போன் செய்து, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள்.

"அப்படியேதான் இருக்கா மைனி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஷூவை ஓரமாக வைத்துவிட்டு, "அம்மா" என்றாள் வள்ளி.

"என்னம்மா?"

"நான் பழையபடி ஆவலைனா என்னைய கடம்பூர் ஆச்சி வீட்டுல கொண்டுபோய் விட்டுருவியா?"

இத்தனை மாதமாக நான் போனில் சொன்னதையெல்லாம் பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். இன்னும் ஆகவில்லையே, இன்னும் ஆகவில்லையே என்று உள்ளுக்குள் பயந்து செத்திருக்கிறாள். பெற்றவளுக்கு இது தெரியவில்லை.

"விடமாட்டேன். நீ இப்படியே இரு. பேசணும்னு தோணுனா பேசு, தோணலைன்னா பேசாண்டாம். எப்படி இருந்தாலும் நீ எம்பிள்ளதான்."

அவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். அவருக்காக நான் அழ வேண்டியதெல்லாம் அழுதாகிவிட்டது. அந்தப் பழைய வாயாடிப் பிள்ளைக்காக மட்டும் ஒருநாளும் அழுததில்லை, எப்படியும் திரும்பி வந்துவிடுவாள் என்று இருந்துவிட்டேன். இவள் மடியில் கிடக்க, இவளுக்குத் தெரியாமல், அன்றைக்குத்தான் அவளுக்காக அழுதேன்.