கிழக்குப் பகுதிக் குழாய்

நகரக் குடிநீர்த் துறையில் அவளுக்கு ஜோசியக்காரி என்று பட்டப்பெயர். இருபது வருஷம் கழித்து எந்தப் பகுதியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணித்துச் சொல்வது அவள் வேலை. அதை வைத்துத்தான் எவ்வளவு பெரிய குழாய் பதிப்பது என்று முடிவாகும்.

கிழக்குப் பகுதிக் கணிப்பைக் கொடுத்த கையோடு, அங்கே வாடகைக்குக் குடியிருந்த தம்பியைப் பார்க்கப் போனாள். தண்ணீர் லாரி வந்தது. தம்பி மனைவியோடு இவளும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒரே வாசலிலிருந்து மூன்று குடும்பங்கள் இறங்கி வந்ததைப் பார்த்ததும் திக்கென்றது.

"இவ்வளவு பேரா இருக்கீங்க இங்க?"

"நாங்க எங்க இங்க இருக்கோம் அண்ணி? பதிவுல எங்க விலாசம் இன்னும் உங்க வீடுதானே!" என்று சிரித்தாள் தம்பி மனைவி. "வாடகைக்கு விட்டது வெளிய தெரியக்கூடாதுன்னு ஓனர் கறாரா சொல்லிட்டார். தெருவுல முக்கால்வாசிப் பேர் கதை இதுதான்."

பதிவான விலாசங்களை நம்பித்தான் அவள் கணித்திருந்தாள். கூடப் பிறந்தவனையே கணக்கில் கோட்டை விட்டிருந்தாள்.

மறுநாள் தலைமைப் பொறியாளர் அறைக்குப் போய் நின்றாள்.

"கணிப்பைத் திரும்பப் போடணும் சார். ஆள் குறைவா காட்டிட்டேன்."

"விளையாடுறீங்களா? குழாய்க்கு ஆர்டர் போகப்போற நேரம். பதிவுல இல்லாத ஆளை நான் எப்படிக் காட்டுறது?"

"பதிவுல இல்லைன்னா தாகம் எடுக்காதா சார்?"

"வாடகைக்காரங்க. இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குக் கிளம்பிடுவாங்க."

"கிளம்புவாங்களான்னு கேட்டுட்டே வரேன்."

சொன்னபடியே கிளம்பிவிட்டாள். மின்சார அலுவலகத்தில் நச்சரித்து, தெருவாரியாக எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று வாங்கினாள். பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை எண்ணினாள். அழைக்க வந்த அம்மாக்களை மடக்கி, "அடுத்த வருஷமும் இங்கதானா?" என்று கேட்டாள். "வேலை இங்க இருக்கு, வேற எங்க போறது?" என்று அவளையே ஒரு மாதிரி பார்த்தார்கள். கால் வீங்கியது. விடவில்லை. புது எண் பழையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது.

தலைமைப் பொறியாளர் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார். "இதுக்கு யார் பொறுப்பு?"

"நான்தான் சார். கையெழுத்தும் போட்டாச்சு."

அவர் பெருமூச்சு விட்டு ஆர்டரை நிறுத்தினார். பெரிய குழாய் என்று முடிவானது. ஆனால் வேலை ஒரு வருஷம் தள்ளிப்போனது.

அதைச் சொன்னதும் தம்பி மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க சும்மா இருந்திருந்தா இந்த வருஷமே தண்ணி வந்திருக்குமே அண்ணி!"

"வந்திருக்கும். ரெண்டே வருஷத்துல சொட்டுச் சொட்டா நின்னிருக்கும்."

தம்பி மனைவி காலி வாளியை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு, "அதுவரைக்கும் அழுக்குத் துணி மொத்தமும் உங்க வீட்டுக்குத்தான் வரும்" என்றாள்.

"மூட்டையா கட்டிக் கொண்டு வா" என்றாள் ஜோசியக்காரி.