ஏழாம் குப்பி, எட்டாம் குப்பி

கப்பலில் என்ன வேலை என்று கேட்பவர்களிடம், கடலின் ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறேன் என்று சொல்வேன். என் அக்கா கலாதேவி அதையும் சுருக்கி, "தண்ணி அள்ளுறான்" என்பாள். "தண்ணி அள்ளுறதுக்கு மூணு வருசம் டிப்ளோமா வேற" என்றும் சேர்த்துக்கொள்வாள்.

ஆள் உயர இரும்புச் சட்டம் ஒன்றில் பன்னிரண்டு நீளக் குப்பிகள் வட்டமாக நிற்கும். மேலும் கீழும் வாய் திறந்தபடியே அவை கடலுக்குள் இறங்கும். மூடிகளை இழுத்துப் பிடித்திருக்கும் நைலான் கயிற்றை, சட்டத்தின் உச்சியில் அதே எண் போட்ட கொக்கியில் மாட்ட வேண்டும். கப்பலில் ஒருவர் கணினியில் அந்த எண்ணை அழுத்தினால் கொக்கி கயிற்றை விட்டுவிடும். குப்பி மூடிக்கொள்ளும். அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே நின்றுவிடும். ஏழாம் குப்பி அறுநூறு மீட்டருக்கு. எட்டாம் குப்பி நானூறு மீட்டருக்கு.

அன்று மதியம் ஒரு மணிக்கு, மலேசியாவின் சபா கரைக்கு மேற்கே, நான்தான் கயிறுகளை மாட்டினேன். ஒன்றரைக்குச் சட்டத்தைக் கடலில் இறக்கினோம். அது தண்ணீருக்குள் போகிற நொடியில் இரண்டு கயிறுகள் ஒன்றின் குறுக்கே ஒன்று போவதைப் பார்த்தேன். ஏழின் கயிறு எட்டின் கொக்கியில். எட்டின் கயிறு ஏழில். நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கியிருக்கலாம். அலை கொஞ்சம் பெரிதாக இருந்தது, மேலே இழுத்து மாற்றிவிட்டு மறுபடி இறக்க அரை மணி நேரம் ஆகும். சட்டம் மேலே வந்ததும் ஆய்வு மாணவி கௌரியிடம் சொன்னால் போதும், தாளில் இரண்டு எண்களை மாற்றி எழுதிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

இரண்டு ஐம்பதுக்குக் கேப்டன் என்னை மேலே கூப்பிட்டார். செய்தி செயற்கைக்கோள் வழியாக வந்திருந்தது. அதைத் தாளில் அச்செடுத்து வைத்திருந்தார். அப்பா காலையில் இறந்துவிட்டார். கரைக்கு இரண்டு நாள் தூரம், கப்பல் திரும்ப முடியாது என்று கேப்டன் மலாயில் மெதுவாகச் சொன்னார். கேபினுக்குப் போய்ப் படுக்கச் சொன்னார். நான் பின்தளத்துக்குப் போனேன். சட்டம் மேலே வரும் நேரம்.

கௌரியும் மாணவர்களும் சின்னப் புட்டிகளோடு வரிசையாக நின்றார்கள். குழாயைத் திறந்து, புட்டியை மூன்று முறை அலசி, நிரப்பி, எண் எழுதினார்கள். ஏழு, எட்டு. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கையில் பட்டபோது மிகவும் குளிராக இருந்தது. அது மட்டும் தெரிந்தது.

கோத்தா கினபாலு துறைமுகத்துக்கு வர ஒன்பது நாள் ஆனது. ஈப்போ பக்கம் லகாட்டில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தது கனகராஜ் அத்தான். அஸ்தியை ஹுத்தான் மெலிந்தாங்கில் படகு பிடித்துக் கடலில் கரைத்தவரும் அவர்தான். கூடத்தில் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். சுங்காய் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் எடுத்த அடையாள அட்டைப் படத்தையே பெரிதாக்கியிருந்தார்கள். அதனால் அப்பா என்னைவிட இளையவராக இருந்தார்.

"அங்க அழுதியாடா?" என்று அக்கா கேட்டாள்.

"இல்ல."

"இங்கயாவது அழு."

நான் முயன்றேன். வரவில்லை. பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

பதின்மூன்றாம் நாள் காலை கௌரி துக்கம் விசாரிக்க வந்தாள். கௌரியின் வீடு ஈப்போவில்தான். அவளுடைய அப்பா இராஜசிங்கம் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவள் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். எங்கள் கப்பலில் அது அவளுக்கு இரண்டாவது பயணம். வெள்ளைச் சுடிதார் போட்டு, தலையைக் குனிந்து உள்ளே வந்து, படத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். அக்கா கோப்பி கொண்டுவந்து வைத்தாள்.

பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. கௌரி பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தாள்.

"இந்த நேரத்தில காட்டக்கூடாதுதான். ஆனா முதல்ல உங்ககிட்டத்தான் சொல்லணும்னு இருந்தேன் அண்ணே. நீங்க எடுத்துக் குடுத்த தண்ணி."

திரையில் ஒரு கோடு கீழ்நோக்கிப் போனது. ஆழம் கூடக் கூடச் சத்து உப்புகளும் கூட வேண்டும். நானூறு மீட்டரில் கோடு திடீரென்று வெளியே பிதுங்கி, அறுநூறில் உள்ளே ஒடுங்கி, அதற்குக் கீழே பழையபடி சென்றது.

"வேற ஒரு நீரோட்டம் நடுவுல நுழையுது. அந்த இடத்தில இதுவரைக்கும் யாருமே பார்த்தது இல்ல. பேராசிரியர்கிட்டக் காட்டினேன். ரெண்டு ராத்திரி அவருக்குத் தூக்கம் வரலையாம். அடுத்த பயணத்தில கப்பலை அங்கயே திருப்பச் சொல்லிட்டாரு."

"பாரு, உன் தண்ணிக்கு இவ்வளவு மவுசா" என்றாள் அக்கா. "இங்க குழாயில தண்ணி வராட்டாக்கூட எனக்குத் தூக்கம் வருது லா."

கௌரி சிரித்தாள். துக்க வீடு என்பது நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

நான் கோட்டைப் பார்த்தேன். என் ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் தாளில் பேராசிரியர்தான் கையெழுத்துப் போட வேண்டும். இப்போது பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. கப்பல் திரும்பிப் போகும், ஒன்றும் இருக்காது, கடல் மாறிவிட்டது என்பார்கள். இதையெல்லாம் யோசித்தபோது பயம் வரும் என்று காத்திருந்தேன். அதுவும் வரவில்லை.

"ஏழையும் எட்டையும் மாத்திப் பாருங்க" என்றேன்.

"என்ன?"

"கயிறு மாறிப்போச்சு. ஏழு எட்டுல மாட்டியிருந்திச்சு. நான் மாட்டினதுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு எண்களை மாற்றினாள். கோடு நேராகிவிட்டது. எல்லா நாளும் பார்க்கிற கோடு. மேலே, கீழே இருந்த மற்றப் புள்ளிகளோடு அது ஒட்டிக்கொண்டது.

அவள் எண்களைப் பழையபடி ஆக்கி, மறுபடி மாற்றிப் பார்த்தாள். காது மடல்கள் சிவந்திருந்தன.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"தண்ணிக்குள்ள இறங்கும்போதே."

அக்கா பேச்சை முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை, ஆனால் ஏதோ தப்பு என்பது புரிந்துவிட்டது. "ஏம்மா, பெரிய சூசாவா? இவன் வேலைக்குச் சிக்கல் ஏதும் வருமா?"

கௌரி கோப்பியை நகர்த்தி வைத்தாள். "அலுவலகத்துக்கு எழுதித்தான் ஆகணும் அக்கா. தப்பு நடந்தா நிரப்ப ஒரு ஃபாரம் இருக்கு. காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்." என் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "அன்னைக்குத்தானே உங்களுக்குச் செய்தி வந்திச்சு. அதையே எழுதிடுறேன். அப்பா இறந்த செய்தி கேட்ட நிலையில கயிறு மாறிப்போச்சுன்னு. யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

"ஆமாம்மா, அப்படியே எழுதுங்க" என்றாள் அக்கா. "அந்த நேரத்தில யாருக்குக் கை ஓடும்? மனுசன்தானே."

கௌரி தட்டத் தொடங்கினாள். விசைகளின் சத்தம் கேட்டது. நான் மறுக்காமல் விட்டாலும் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும். இரண்டும் நடந்தது ஒரே தேதியில்தான், அப்பா இறந்தது நிஜம். அவர் உயிரோடு இருந்தபோது எனக்கு நிறையச் செய்திருக்கிறார். இதையும் செய்துவிட்டுப் போகட்டும் என்று யாராவது சொன்னால் மறுக்க முடியாது.

"இல்ல, அப்படி எழுதாதீங்க" என்றேன்.

"ஏன்?"

"கயிறு மாட்டினது ஒரு மணிக்கு. செய்தி வந்தது ரெண்டு அம்பதுக்கு. அப்ப குப்பியெல்லாம் கீழ இருந்திச்சு."

"டேய்" என்றாள் அக்கா.

"மாட்டும்போது எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் இருந்தேன். சாப்பிட்டுட்டு வந்து மாட்டினேன். மீன் சம்பல் கூட நல்லா இருந்திச்சு."

கௌரியின் விரல்கள் நின்றன. "சரி, மேல வந்த பிறகு? ரெண்டு வாரம் சொல்லாம இருந்தீங்களே, அதுக்காவது இதைக் காரணம்னு போடலாமா?"

யோசித்தேன். தளத்தில் ஈரமான கையோடு நின்ற அந்த நேரத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். அதில் அப்பா இருந்தாரா என்று தேடினேன்.

"தெரியல" என்றேன். "தெரியாததை எழுத வேணாம்."

அவள் எழுதியதை அழித்தாள். மறுபடி எழுதினாள். இந்த முறை சீக்கிரம் முடிந்துவிட்டது. திரையை என் பக்கம் திருப்பினாள். என் பெயர், தேதி, ஒரு மணி. ஏழாம், எட்டாம் குப்பிகளின் கயிறு தொழில்நுட்பரால் மாற்றி மாட்டப்பட்டது. இறக்கும்போதே கவனித்தும் தெரிவிக்கவில்லை. காரணம்: கவனக்குறைவு.

"சரியா இருக்கு" என்றேன்.

அனுப்பினாள். கணினியை மூடிப் பையில் வைத்தாள். எழுந்து அப்பாவின் படத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு எங்கள் இருவரிடமும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு, காரில் ஏறிப் போய்விட்டாள்.

அக்கா கோப்பிக் குவளையை எடுத்தாள். பாதி அப்படியே இருந்தது.

"துக்க வீட்டுல சொல்லிட்டுக் கிளம்பக்கூடாதுன்னு தெரிஞ்சு வச்சிருக்கு. இந்தக் காலத்துப் பிள்ளைங்க யாருக்குத் தெரியுது" என்றாள்.

அதற்காகத்தான் சொல்லாமல் போனாளா, கோபத்தில் போனாளா என்று எனக்குத் தெரியவில்லை. கார் திரும்பிய முனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வாரம் அவளைத் துறைமுகத்தில் பார்க்க நேர்ந்தால் கேட்கலாம். அடுத்த பயணத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தால்.